என் வீட்டில் வெண்டை போட்டவர்

கொல்லையில் இருக்கும் வெண்டைச் செடி காய்த்துவிட்டால் தஞ்சாவூர் வீடு எங்கள் கையை விட்டுப் போய்விடும் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்லூரியில் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்துகிறவன், ஐம்பதைத் தாண்டியவன், கண்ணாடி வேறு போட்டவன், நாலு வரிசை வெண்டைச் செடியைப் பார்த்துப் பயந்தேன்.

இந்த முட்டாள்தனத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் வெண்ணாற்றுப் பக்கம் நிலம் இருந்தது. நாங்கள் யாரும் சேற்றில் கால் வைத்தது கிடையாது. குத்தகைக்கு விட்டுவிட்டு, நெல் வந்து இறங்குகிற அன்று மட்டும் வாசலில் போய் நிற்கிற குடும்பம். குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. நிலம் மெல்ல மெல்ல உழுதவர்கள் கைக்கே போயிற்று. நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் நிலம் இருந்து என்ன ஆகப்போகிறது, போனது நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதை நியாயம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. "ஒரு போகம் சாகுபடி பண்ணிட்டான்னா அப்புறம் அவன அசைக்க முடியாது" என்பதைத்தான் சோற்றோடு பிசைந்து ஊட்டினார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி. எங்களுக்குச் சாகுபடிதாரர்.

அந்த நிலம் போன பிறகு மிஞ்சியது, மருத்துவக் கல்லூரிச் சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, கொல்லையில் இரண்டு தென்னை. எனக்கும் அக்காவுக்கும் பொதுவாக அப்பா விட்டுப்போனது. நான் புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் வேறு வீட்டில் இருக்கிறேன். அக்கா கும்பகோணத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அத்தான் இறந்து போய்விட்டார், மகள் வெளிநாட்டில். அதனால் இந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். கடைசியாகக் குடிவந்தது டிராக்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு கல்யாணமாகாத இளைஞன். நல்ல பையன், சத்தம் போட மாட்டான். வாடகை மாதாமாதம் போனிலேயே வந்துவிடும், அதனால் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே பல மாதம்.

இந்த வருஷம் அக்கா ஓய்வு பெற்றாள். அதே சமயம், கும்பகோணத்தில் அவள் குடியிருந்த வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆனி முடிவதற்குள் காலி செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"நம்ம வீட்டுக்கே வந்துடறேன்டா. அந்தத் தம்பிய வேற இடம் பாத்துக்கச் சொல்லு. ஆடி பொறந்துட்டா பால் காய்ச்ச முடியாது, அதுக்குள்ள வந்துடணும்."

"அதுக்கென்னக்கா, ரெண்டு நாள்ல பேசிடறேன்" என்றேன்.

கல்யாணத்திலிருந்து ஓய்வு வரை வாடகை வீடுகளிலேயே இருந்தவள். யாரும் வந்து 'எப்போது காலி செய்வீர்கள்' என்று கேட்காத ஒரு கதவு அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. வீடு கிடைக்காவிட்டால் ஆடி முழுக்க அவள் எங்களோடுதான் இருக்க வேண்டும். என் மனைவியும் அக்காவும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருப்பவர்கள். நடுவில் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் இருக்கிறவரை.

இளைஞனுக்குப் போன் செய்தேன். அவன் குரலில் எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை.

"சார், நான் ஓசூர் வந்து ரெண்டு மாசம் ஆவுதே! டிரான்ஸ்ஃபர் சார். உங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"அப்ப வீடு பூட்டிக் கெடக்கா?"

"இல்ல சார், மாமா இருக்காரு."

"எந்த மாமா?"

"எங்கம்மாகூடப் பொறந்த மாமா சார். பூதலூர்ப் பக்கம். சும்மா நாலு நாள் இருந்துட்டுப் போறேன்னு வந்தாரு."

"போயிட்டாரா?"

"அதத்தான் சார் நானும் கேக்க முடியாம இருக்கேன்."

அன்று சாயங்காலமே போனேன். என் வீட்டு வாசலில் என் கையால் மாட்டிய அழைப்புமணியை அழுத்திவிட்டு நின்றேன். முன்பக்கம் யாரும் வரவில்லை. சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனால், எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நிற்கிறார். தென்னைக்கும் சுவருக்கும் நடுவில் மண்ணை வரிசையாக மேடுகட்டி, அழகாகப் பார் பிடித்து, நாலு வரிசை வெண்டை. முழங்கால் உயரம் வந்திருந்தது.

"வாங்க தம்பி, யாரப் பாக்கணும்?"

என் வீட்டில் என்னை யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? "நான்... வீட்டுக்காரன்" என்றேன், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவனைப் போல.

"அடடே, உக்காருங்க, உக்காருங்க" என்று உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டார். அதுவும் எங்கள் நாற்காலி. உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பத்து நிமிஷம் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக இருந்துவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வந்தேன். அக்கா வருகிறாள், ஆனிக்குள் வீடு வேண்டும், எப்போது கிளம்புகிறீர்கள்?

"போக முடியாதுங்க தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வராது என்பதைப்போலச் சொன்னார்.

"ஏங்க?"

"அது எங்க வீட்டு விஷயம். உங்களுக்கு வாடக வருதுல்ல? வராட்டி சொல்லுங்க."

"வாடகை பத்தி இல்லைங்க. நீங்க இங்க இருக்கறதே எனக்குத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல" என்றார். பிறகு செடிகளைத் திரும்பிப் பார்த்து, அன்பாகச் சேர்த்துக்கொண்டார்: "பூ எடுக்கற நேரம் வேற. பயிர் நிக்கும்போது எப்படித் தம்பி வுட்டுட்டுப் போறது?"

பயிர் நிற்கும்போது. அந்த இரண்டு வார்த்தையில் என் வாழ்நாள் பூச்சாண்டி எழுந்து நின்றான். வண்டியை உதைத்துக் கிளப்பியபோது என் மனதில் ஏற்கெனவே மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது.

நேரே என் பள்ளிக்கூடத் தோழனிடம் போனேன். தஞ்சாவூர் நீதிமன்றத்தில் வக்கீல். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி, "பார் பிடிச்சிருக்கான்டா, முறையா பார் பிடிச்சிருக்கான்" என்று முடித்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சிரிப்பை அடக்குகிறவர்கள் செய்கிற வேலை அது.

"டேய், அது வீடுடா. வயலு இல்ல."

"கொல்லை மண்ணுதானே?"

"அப்ப உங்க வீட்டுக்காரம்மா தொட்டியில துளசி வெச்சிருக்காங்களே, மாடி அவங்களுக்குச் சொந்தமா?"

"எங்க வீட்டுல எல்லாமே அவளுக்குத்தான் சொந்தம். நீ விஷயத்துக்கு வா."

வழக்குப் போடலாம் என்றான். வாடகைக்கு எடுத்தவன் வேறு ஆளை வைத்துவிட்டுப் போனது தப்பு, சட்டம் நம் பக்கம்தான், ஆனால் ஆனிக்குள் எல்லாம் முடியாது. எந்த வருஷத்து ஆனி என்று நீ சொல்லவில்லையே என்று கிண்டல் வேறு. கிளம்பும்போது தோளைப் பிடித்து எச்சரித்தான்: "அவசரப்பட்டு கரெண்ட்டப் புடுங்கறது, பூட்டுப் போடறதுன்னு எதையாவது பண்ணித் தொலைக்காத. அப்புறம் அவரு உம்மேல கேஸ் குடுப்பாரு. அதுக்கும் நாந்தான் வரணும்."

கரெண்ட்டைப் பிடுங்குகிற தைரியம் எனக்கு ஏது? நான் பிடுங்க நினைத்தது வெண்டையை.

படித்தவன் சொன்னால் நம்ப வேண்டும். வக்கீலை நம்பினேன், ஆனால் தூக்கத்தில் நம்பவில்லை. காய்த்துவிட்டால், அவர் அதைப் பறித்துவிட்டால், அது 'போகம்' ஆகிவிடாதா? ஒரு முற்பகல், பெரியவர் டீ குடிக்கப் போயிருப்பார் என்று கணக்குப் போட்டுக் கொல்லைக்குள் நுழைந்தேன். செடிகள் பூத்திருந்தன. மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்பாக, வெண்டைப் பூ இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல் செடியின் அடியைப் பிடித்தேன். சுணை கையில் ஏறி அரித்தது. அப்போது பின்னால் குரல்.

"என்ன தம்பி, களை எடுக்கிறீங்களா?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நல்லதாப் போச்சு. குனிஞ்சா எனக்கு இடுப்பு புடிச்சுக்குது. அந்த ஓரத்துலேர்ந்து வாங்க. ஏய் ஏய், அது களை இல்ல, அது கீரை!"

நாலு வரிசையும் களை எடுத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வம்சத்தில் மண்ணில் கை வைத்த முதல் ஆள் நான்தான். அதுவும் என்னை வெளியேற்றப் போகிற பயிருக்கு. அடுத்த வாரம் ஒரு மஞ்சள் பை நிறையப் பிஞ்சு வெண்டைக்காய் கொடுத்தனுப்பினார். என் மனைவி ஒன்றின் நுனியை ஒடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு பிஞ்சா இருக்கு பாருங்க! வீடு போனாலும் பரவாயில்ல, இந்தக் காய் வந்தாப் போதும்."

"அது போகம்டி" என்றேன்.

"மோர்க்குழம்பா, பொரியலா, அதச் சொல்லுங்க."

மோர்க்குழம்பு வைத்தாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. அன்றோடு வெண்டைப் பயம் போயிற்று. ஆனால் பெரியவர் போகவில்லையே! நாள்தான் போய்க்கொண்டிருந்தது.

அக்காவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. 'பேசிட்டிருக்கேன்', 'ஆயிடும்' என்று சமாளித்தேன். அக்கா நாற்பது வருஷம் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைப் பார்த்தவள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து, மருத்துவக் கல்லூரி நிறுத்தத்தில் இறங்கி, எனக்குப் போன் செய்தாள்: "வீட்டு வாசல்ல நிக்கறேன். வா."

நான் போவதற்குள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் போட்ட காபி. அக்கா வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் எது, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு நிலம் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் இத்தனை நாளில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வீட்டுல அம்மா இருக்காங்களா?"

"இருக்கு. அது மவன் கட்சி."

"என்ன சண்டை?"

பெரியவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வழக்கமாக வயலில் நாற்று விட்டுப் பறித்து, ஆள் வைத்து நடுவார்கள். இந்த வருஷம் மகன் மெஷின் நடவுக்குப் பேசிவிட்டு வந்தார், அப்பாவைக் கேட்காமல். மெஷினுக்குத் தட்டில் பாய்போல நாற்று விட வேண்டும். அது நம் மண்ணுக்குச் சரிப்படாது என்று இவர் சொன்னார். "நீ சும்மா இருப்பா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மகன் சொன்னார். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெஷின்காரர் முன்னால், நடவு ஆட்கள் முன்னால் சொன்னார். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"அதுக்கப்புறம் வந்து கூப்பிடலையா?" என்றாள் அக்கா.

"கூப்பிடல."

"போன்?"

"போன்ல கூப்பிட்டா போறதுக்கு நான் என்ன பார்சலா?"

அக்கா தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "கோவிச்சுக்கிட்டு வந்த மனுஷன் கூப்பிடாம எப்படிடா போவாரு? நீ வக்கீலப் பாத்ததுக்குப் பதிலா அந்தப் பிள்ளையப் போய்ப் பாத்திருக்கலாம்."

"இவருக்காக நான் போய்க் கூப்பிடச் சொல்லணுமா?"

"இவருக்காக இல்ல, எனக்காக. சாமானெல்லாம் கட்டிட்டேன். எங்க கொண்டுபோய் எறக்கறது?"

சொல்லிவிட்டு அவள் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவளுடைய வீடு. காபி குடித்துவிட்டு, விருந்தாளியாகக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூதலூர் தாண்டி அவர்கள் ஊருக்குப் போனேன். வயல்கள் உழுது காய்ந்து கிடந்தன. எல்லோரும் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்த நேரம். மகனுக்கு நாற்பது வயது இருக்கும். நாற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகியது.

"நான் போகச் சொல்லலையே சார். தானா போனாரு, தானா வரட்டும். நான் எதுக்கு வந்து கூப்பிடணும்?"

"ஒரு வார்த்தைதானேங்க. எங்கக்கா குடி வரணும்..."

"அதுக்கு நீங்க அவருகிட்ட சொல்லுங்க."

"அவர் உங்ககிட்ட சொல்லச் சொல்றாரு."

நிலைப்படியில் நின்றிருந்த அவர் அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். "குடிங்க சார். ரெண்டும் ஒரே மண்ணு. ஒண்ணு தஞ்சாவூர்ல கெடக்கு, ஒண்ணு இங்க கெடக்கு" என்றார். பிறகு மகன் காதில் விழும்படி என்னிடம் கேட்டார்: "அது வேளைக்குச் சாப்புடுதா?"

"நல்லாச் சாப்பிடறாருங்க. கொல்லையில வெண்டை போட்டிருக்காரு. எங்க வீட்டுக்குக்கூடக் கொடுத்தனுப்பினாரு."

மகன் தட்டு அடுக்குவதை நிறுத்தினார். "வெண்டையா? தண்ணிக்கு என்ன பண்றாரு?"

"குடத்துல மொண்டு ஊத்தறாரு."

"இந்த வயசுல" என்றார். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். தோல்விதான். வழியெல்லாம், என் வீட்டுச் சமையலறையில் எந்த அலமாரியை அக்காவுக்கு ஒதுக்குவது என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். எப்படி ஒதுக்கினாலும் போர் மூளும் என்று தெரிந்தது. மனைவியிடம் சொன்னேன். "வரட்டும், பாவம். ஆனா ரசப்பொடி என்னோடதுதான்" என்றாள் அவள்.

அடுத்த சில நாளில் கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டுப் பாலத்தைக் கடக்கும்போது பார்த்தேன், செம்மண் நிறத்தில் நுரையோடு போய்க்கொண்டிருந்தது. நான் பெரியவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் வக்கீலை நோட்டீஸ் எழுதச் சொல்லியிருந்தேன்; அது வரும், வருத்தப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் போய் மன்னிப்புக் கேட்கிற வீட்டுக்காரனை இந்த ஊர் பார்த்திருக்குமா, தெரியவில்லை.

வாசலில் ஒரு மோட்டார் பைக் நின்றது. மகன் அதன்மேல் உட்கார்ந்தபடியே இருந்தார். இறங்கவும் இல்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை. பெரியவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

"ஆத்துல தண்ணி வந்துடுச்சு" என்றார் மகன், கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்."

"நம்ம மதகுக்கு நேத்தே வந்துடுச்சு."

"சரி."

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் மெஷின்தானே?" என்றார் பெரியவர்.

"மேட்டு வயலுக்கு மெஷின்." மகன் எஞ்சினை அணைத்தார். "வாய்க்கா ஓரத்துத் துண்ட விட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"ஒனக்குத்தான். நீ எப்படி நடுவியோ நடு."

பெரியவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். உள்ளே போனார். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, ஜன்னல்கள் சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு பையோடு வெளியே வந்து, கதவைப் பூட்டி, சாவியை என் கையில் வைத்தார்.

"வரேன் தம்பி. அக்காகிட்ட சொல்லிடுங்க. சமையக்கட்டுக் கொழாயி ஒழுகுது, வாஷர் மாத்தணும்" என்றார். பைக்கில் ஏறி, மகன் தோளைப் பிடிக்காமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். தெருமுனை திரும்பும்போது, "மெதுவாப் போடா" என்று அவர் அதட்டியது கேட்டது.

மகன் வந்தது நான் போய்ப் பேசியதால் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் வந்ததால் வந்திருப்பார் என்றாள் அவள். மோர் கொடுத்த அந்த அம்மா சும்மா இருந்திருக்க மாட்டார் என்பது என் மனைவியின் கட்சி. எனக்குத் தெரியாது. நான் யாரையும் காலி செய்யவில்லை, நோட்டீஸும் போகவில்லை. மகன் வந்து கூப்பிட்டார், அப்பா போனார். ஆனி முடிய ஐந்து நாள் இருக்கும்போது அக்கா குடி வந்தாள்.